பிக்காச்சு மாதிரிப் பேர்களை எப்படி உருவாக்கினார்கள்?

நிலாவெளி மாமா:
வணக்கம், நான் திருகோணமலை. என் அக்காவின் மகனுக்கு ஒன்பது வயது. பிக்காச்சு வருகிற வீடியோ விளையாட்டுப் பிராணிகளான போக்கிமொன்களைப் போலச் சொந்தமாக ஒன்று வரைந்திருக்கிறான்: உப்பிப் பந்தாகிற பேத்தை மீனின் உடம்பு, மானின் கொம்பு. பேத்தையைக் கரைவலை இழுக்கும்போது பார்த்தான், மான்கள் கோட்டைக்குள் கோணேசர் கோவிலுக்குப் போகிற வழியிலேயே மேயும். “நல்ல இங்கிலீஷ் பேராச் சொல்லுங்கோ மாமா” என்று இரண்டு நாளாகப் பின்னால் திரிகிறான். அந்தப் பேர்களெல்லாம் எங்கிருந்து வந்தன? பிள்ளைக்குச் சரியான பதில் சொல்ல வேண்டும்.

அலைபேசி:
பிக்காச்சு ஆங்கிலமே இல்லை, அண்ணா. ஜப்பானியத்தில் ‘பிக்கா’ என்றால் பளிச்சென்று மின்னுவது, ‘ச்சு’ எலியின் கீச்சு. 1996இல் வந்த முதல் 151 பிராணிகளில் ஒரு பாம்புக்கு ஆங்கிலப் பதிப்பில் ஏக்கன்ஸ் என்று பேர். ‘ஸ்நேக்’கின் ஆங்கில எழுத்துகளைக் கடைசியிலிருந்து வாசித்தால் அதுதான். நாமும் பாம்பைத் திருப்பிப் போட்டால் ‘பும்பா’! ஆனால் மானைத் திருப்ப முடியாது, ‘ன்’ முதலில் வந்து நிற்கும்.

புத்தகப்பூச்சி:
பழைய கதைகளிலிருந்து எடுத்ததும் நிறைய. 1987இல் வந்த ஃபைனல் ஃபேன்டசி என்ற வீடியோ விளையாட்டில் பஹமுத் ஒரு டிராகன். அரபுப் பழங்கதையில் அதே பஹமுத் பூமிக்கு அடியில் கிடக்கும் மாபெரும் மீன். அனகொண்டா இன்னும் நமக்குக் கிட்ட. 1693இல் ஜோன் ரே என்ற ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் அச்சிட்ட பட்டியலில் அந்தப் பேர் இலங்கைப் பாம்பு ஒன்றுக்குத்தான் இருக்கிறது. ‘ஆனைக்கொன்றான்’ என்ற தமிழ்ச் சொல் என்பார்கள், சிங்களம் என்பவர்களும் உண்டு. பேர் பிறகு தென் அமெரிக்கப் பாம்புக்குப் போய்விட்டது.

நிலாவெளி மாமா:
இருவருக்கும் நன்றி. பிக்காச்சுவின் கதையைச் சொன்னதும் பெடியன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “பேத்தை ஊதேக்க என்ன சத்தம் மாமா?” என்று கேட்டான். சத்தம் தெரியாது, பொம்மென்று உப்பும் என்றேன். கன்னத்தை உப்பிக் காட்டினேன். உடனே பென்சிலை எடுத்துப் படத்துக்குக் கீழே எழுதிவிட்டான்: பொம்மான். இரண்டு ‘ம’ வர வேண்டும் என்று அழித்து எழுதினான். இங்கிலீஷ் பேர் பற்றிப் பிறகு பேச்சே இல்லை. இப்போது பொம்மான் பெரிதாக வளர்ந்தால் என்ன பேர் என்று கேட்கிறான், யோசனை இருந்தால் எழுதுங்கள்.