மாரியில் புல்லை மூடும் பாசி: அன்னபேதியா, அலவாங்கா?

கல்லடி வளவு:
வீட்டு முன்புறத்தில் மலேசியன் புல் பதித்திருக்கிறோம். கார்த்திகை மழையோடு மாமரத்தடியில் பாசி படர்ந்துவிட்டது. இப்போது அந்தப் பக்கத்தில் புல்லைத் தேடவேண்டும். தையில் வீட்டில் விசேஷம். எதைப் போட்டால் போகும்?

வாவிக்கரை:
அன்னபேதி. உரக்கடையில் இரும்புச் சல்பேற்று என்று கேளுங்கள். சதுர மீற்றருக்கு 5 கிராம் கணக்கில் தண்ணீரில் கரைத்து, மழை விட்ட நாளில் தெளியுங்கள். சில நாளில் பாசி கறுத்துவிடும், வாரி எடுக்கலாம். புல்லுக்கும் பச்சை கூடும். சீமெந்தில் மட்டும் படவிடாதீர்கள். கறள் பிடித்தால் லேசில் போகாது.

மண்வெட்டி:
வாரிய இடம் மொட்டையாகக் கிடக்குமே அண்ணன், அதில் என்ன வரும்? திரும்பவும் பாசிதான். அதற்கு வேரே கிடையாது, வித்துத்தூள் காற்றில் வந்து விழுந்தால் போதும். மலேசியன் புல் நிழல் தாங்குவது. அதுவே தோற்கிறது என்றால் குறை மண்ணில் இருக்கிறது. அலவாங்கால் சாணுக்கொரு துளை போட்டு மணலை நிரப்புங்கள்.

வாவிக்கரை:
கல்லடி ஊரே மணல் தம்பி. மணலைத் துளைத்து மணலை நிரப்பச் சொல்கிறீர்களா? மாரியில் நிலத்தடி நீர் கிணற்று விளிம்புக்குக் கிட்ட வந்து நிற்கிறது. துளையில் இறங்கும் தண்ணீர் எங்கே வடியும்?

மண்வெட்டி:
அடியில் மணல், சரி. மேலே? வெள்ளத்துக்குப் பயந்து கிறவல் (சரளைமண்) கொட்டி, ரோலர் ஓட்டி உயர்த்தாத புதுவளவு எங்கே இருக்கிறது? அதன்மேல் நாலு விரல் மண்ணைப் பரப்பிப் புல்லைப் பதித்தால் மழைநீர் கிறவலில் தட்டி மேலேயே நிற்கும். கேட்டவர் சொல்லட்டும்.

கல்லடி வளவு:
கிறவல் போட்டதுதான். இரண்டடி இருக்கும்.

செங்கலடி:
குளோரின் ஊற்றினால் ஒரே நாளில் முடிந்துவிடும்.

மண்வெட்டி:
புல்லும் சேர்ந்து முடிந்துவிடும். அதைப் படிக்கட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

மணல்முற்றம்:
நம் ஊர் வளவுகளில் வெள்ளை மணலைப் பரப்பி, காலையில் கூட்டிவிட்டால் வேலை முடிந்தது. இந்தப் புல்லை யார் கேட்டார்கள்?

வாவிக்கரை:
கிறவல் என்றால் துளை போடத்தான் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த ஈரத்தில் அலவாங்கு போட்டு மிதித்தால் விசேஷத்துக்கு வருபவர்கள் சேற்றில்தான் நிற்பார்கள். இப்போது அன்னபேதி, மாசியில் துளை. மாமரக் கிளைகளையும் கொஞ்சம் கழியுங்கள், வெயில் விழட்டும்.

மண்வெட்டி:
மாசி வரை பொறுக்கலாம். ஆனால் அந்த வெயிலில் பாசி பழுத்துக் காய்ந்ததைப் பார்த்து, செத்துவிட்டது என்று துளையைக் கைவிட்டுவிடாதீர்கள். ஐப்பசி மழை பட்டதும் அதே பாசி பச்சையாக எழும்பும்.

கல்லடி வளவு:
மாமரத்தில் கத்தி வைக்க அம்மா விடமாட்டார். நாளை மழை இல்லையென்றால் அன்னபேதி அடிக்கிறேன். மரத்தடியை மணல்முற்றம் சொன்னபடி மணலாகவே விட்டுவிடலாம் என்றும் தோன்றுகிறது.