உதவி: கிடாக்குட்டிகளுக்கு உடம்பு பிடிக்கவே இல்லை

மேட்டுக்காடு:
வணக்கம். சந்தையில் செம்மறிக் கிடாக்குட்டி பிடித்து வந்து வளர்க்கிறேன், ஆடியில் விற்கிற எண்ணம். மேய்ச்சலுக்கு விட்டால் மண்ணைத்தான் நக்க வேண்டும், அதனால் பட்டியிலேயே சோளத்தட்டும் கடலைக்கொடியும் போடுகிறேன். வயிறு முட்டத் தின்கின்றன, ஆனால் முதுகைத் தடவினால் எலும்புதான். எதை மாற்றுவது? சீக்கிரம் சொல்லுங்கள்.

வேம்பூரான்:
எத்தனை மாதக் குட்டி? என்ன இனம்? குடற்புழு மருந்து கொடுத்தாச்சா? தட்டை வெட்டிப் போடுகிறீர்களா, முழுசாகவா?

கரிசல்மண்:
தட்டில் புரதம் 3, 4 சதவீதம் இருந்தாலே அதிகம். யூரியா ஊட்டம் செய்யுங்கள். 100 கிலோ தட்டுக்கு 4 கிலோ யூரியாவை 60 லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, தார்ப்பாயில் காற்றுப் புகாமல் மூடி 21 நாள் விட்டு, பிரித்து ஆறவிட்டுப் போட்டால் போதும்.

பட்டிக்காரன்:
தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தால் இந்தக் கேள்வியும் வருஷா வருஷம் வந்துவிடும், பழைய இழையைத் தேடிப் படிக்கத்தான் ஒருவருக்கும் பொறுமை இல்லை. சரி தம்பி, கேளும். செம்மறி மாடு அல்ல. தட்டில் தோகையைப் பொறுக்கித் தின்றுவிட்டுத் தண்டை மிதித்துப் போட்டுவிடும், நீர் அதையும் தின்றதாகக் கணக்கு வைத்துக்கொள்வீர். கடலைக்கொடி நல்ல தீவனம்தான், ஆனால் சத்து முழுக்க இலையில். வெயிலில் முறுகக் காயவிட்டு ஏற்றி இறக்கிய கொடியில் இலை எங்கே இருக்கிறது? ஒரு கட்டை உதறிப் பாரும், கையில் குச்சிதான் மிஞ்சும். பூசணம் பிடித்த கொடி என்றால் அதையும் போடாதீர்.

மேட்டுக்காடு:
மேச்சேரிதான் அண்ணே. நாலஞ்சு மாதம் இருக்கும். முழுசாகத்தான் போடுகிறேன்.

வேம்பூரான்:
புழு மருந்துக்குப் பதில் சொல்லவே இல்லையே?

ஓடைக்கரை:
யூரியாவா? எங்கள் ஊரில் அதைக் குடித்த ஆடுகள் வயிறு உப்பிச் செத்தன. வேண்டாம்.

கரிசல்மண்:
குடித்த என்று நீங்களே சொல்கிறீர்கள். தொட்டியில் கரைத்தது வேறு, 21 நாள் மூடி வைத்த தட்டு வேறு. அசை போடத் தொடங்காத பால்குட்டிக்குத்தான் ஆகாது.

ஓடைக்கரை:
அளவு பிசகினால் நீங்கள் வந்து ஆட்டைத் தூக்குவீர்களா? பேசாமல் தழை ஒடித்துப் போட நாலு சவுண்டல் மரம் வையுங்கள்.

பட்டிக்காரன்:
மரம் வளர்வதற்குள் ஆடி முடிந்து அடுத்த ஆடி வந்துவிடும்.

வேம்பூரான்:
சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். மேட்டுக்காடு, கீழ் இமையைப் பிதுக்கி உள்பக்கம் பாருங்கள். சிவப்பாக இல்லாமல் வெள்ளை வெளேரென்று இருந்தாலோ, தாடைக்குக் கீழே பை மாதிரி வீங்கியிருந்தாலோ இரத்தம் குடிக்கிற புழு உள்ளே இருக்கிறது, எதைப் போட்டாலும் அதுதான் முதலில் தின்னும். குட்டியை எடை போட்டு, டாக்டர் சொல்கிற அளவில் மருந்து கொடுங்கள். பிறகு குட்டிக்குத் தினம் 200 கிராமுக்குக் குறையாமல் அடர்தீவனம், மக்காச்சோளமும் கடலைப் புண்ணாக்கும் தாது உப்பும் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். ஒரேயடியாகத் தானியத்தைக் கொட்டினால் வயிறு புளித்துவிடும், துள்ளுமாரி நோயும் வரும், அதற்குத் தடுப்பூசி முன்னாடியே போட்டிருக்க வேண்டும். தவிட்டை மட்டும் அள்ளிப் போடாதீர்கள், கிடாவுக்கு மூத்திரத்தில் கல் அடைக்கும்.

மேட்டுக்காடு:
பார்த்தேன். ரெண்டு குட்டிக்கு இமை வெளுத்துத்தான் இருக்கிறது. நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போகிறேன். தட்டு வெட்டுகிற மெஷின் வாடகைக்குக் கிடைக்குமா?

கரிசல்மண்:
எந்த ஊர் என்று சொன்னால்தானே சொல்ல முடியும்?

ஓடைக்கரை:
யூரியா மட்டும் வேண்டாம், சொல்லிவிட்டேன்.