டேலியில் கணக்கு, சி.ஆர்.எம்.-இல் டீலர்கள்: இரண்டையும் எப்படி இணைப்பது?

கிணத்துமோட்டார் கேட்டது:

வணக்கம். கோவை கணபதியில் எங்கள் பம்ப்செட் பட்டறை. அப்பா தொடங்கியது, இப்போது நானும் தம்பியும் பார்க்கிறோம். 34 பேர் வேலை செய்கிறார்கள். சப்மெர்சிபிள், மோனோபிளாக் இரண்டும் உண்டு. சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் 160 டீலர்கள் இருக்கிறார்கள். நேரில் வந்து வாங்கிப் போகும் விவசாயிகள் தனி.

கணக்கு, பில், ஸ்டாக் எல்லாம் டேலி பிரைமில். விற்பனைக்குப் போகும் நான்கு பேருக்குப் போன வருடம் ஸோஹோ சி.ஆர்.எம். (வாடிக்கையாளர் தொடர்புகளைப் பதியும் மென்பொருள்) எடுத்துக் கொடுத்தோம். யார் எந்த டீலரைப் பார்த்தார்கள், என்ன விலை சொன்னார்கள், மறுபடி எப்போது கூப்பிட வேண்டும் என்பதெல்லாம் அதில் ஒழுங்காக ஏறிவிடுகிறது. எனக்கு அதில் குறையே இல்லை. இரண்டுக்கும் நடுவில்தான் பாலம் இல்லை. அங்கே வரும் ஆர்டரைப் பார்த்து இங்கே நான் மறுபடி அடிக்கிறேன். சாதாரண நாளில் 25 ஆர்டர் வரும், மாசி பங்குனியில் 50 தாண்டும்.

மார்ச்சில் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் பையன் ஒருவன் அரூர் பக்கம் ஒரு டீலரிடம், 5 ஹெச்.பி. சப்மெர்சிபிள் எட்டு, வெள்ளிக்கிழமை வந்துவிடும் என்று சொல்லிவிட்டான். குடோனில் இருந்தது மூன்று. அந்த டீலரின் பழைய பாக்கி 3,80,000 ரூபாய், 90 நாள் தாண்டி நின்றது. இரண்டு விவரமும் டேலியில் இருக்கிறது, அவன் கையில் இருந்த போனில் இல்லை. அவன் மேல் என்ன தப்பு? டீலரோ இரண்டு விவசாயிகளுக்கு மோட்டார் இறக்கும் நாளைச் சொல்லி, ஆளையும் ஏற்பாடு செய்துவிட்டார். தென்னைக்குத் தண்ணீர் இல்லாமல் காத்திருந்தவர்கள். அப்பா 30 வருடம் காப்பாற்றிய வாக்கு அது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இப்போது மூன்று யோசனைகள் வந்திருக்கின்றன. ஒன்று, டேலியையும் சி.ஆர்.எம்.-ஐயும் இணைத்துத் தரும் ரெடிமேட் கனெக்டர். இரண்டு பக்கமும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை தானாகச் சரியாகும் என்கிறார்கள், வருட சந்தா. இரண்டாவது, இரண்டையும் விட்டுவிட்டு இ.ஆர்.பி.நெக்ஸ்ட் அல்லது ஓடூ மாதிரி கணக்கு, ஆர்டர், ஸ்டாக் எல்லாம் அடங்கிய ஒரே மென்பொருளுக்குப் போவது. மூன்றாவது, சி.ஆர்.எம். ஸோஹோ என்பதால் கணக்கையும் ஸோஹோ புக்ஸுக்கு மாற்றிவிடுவது. ஆடிட்டர் டேலியை விட வேண்டாம் என்கிறார். 11 வருடக் கணக்கு அதில்தான் இருக்கிறது.

செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். எதை எடுப்பது?

ஈரோடு_தறி:

சகோதரி, நாங்கள் பெட்ஷீட், துண்டு. இரண்டாவது வழியில் போனோம், இ.ஆர்.பி.நெக்ஸ்ட். கொட்டேஷன், ஆர்டர், டெலிவரி நோட், பில் எல்லாம் ஒரே சங்கிலி. ஒன்றிலிருந்து அடுத்தது பிறக்கும், திரும்ப அடிக்கும் வேலையே இல்லை. டீலருக்குக் கடன் வரம்பு போட்டு வைத்தால் ஆர்டர் நிலையிலேயே தடுத்து நிறுத்திவிடும். ஜி.எஸ்.டி. வேலைகளுக்கு இந்தியா கம்ப்ளையன்ஸ் என்று தனி ஆப் இருக்கிறது. ஓப்பன் சோர்ஸ் என்பதால் லைசென்ஸ் காசு இல்லை. ஆனால் சர்வருக்கும் அமைத்துத் தரும் ஆளுக்கும் காசு உண்டு.

ஏழு மாதம் பிடித்தது. அதில் நான்கு மாதம் சாப்ட்வேர் வேலையே அல்ல, ஸ்டாக்கை எண்ணி, பெயர்களை ஒழுங்கு செய்து ஏற்றிய வேலை. உங்களுக்கு வார்ப்பு, காயில், சாஃப்ட், இம்பெல்லர் என்று ஒரு மோட்டாருக்கே நீளமான பொருள் பட்டியல் வரும். உற்பத்தியையும் உள்ளே கொண்டுவர வேண்டும் என்று உறுதியாக இருந்தால் மட்டும் போங்கள். போவதாக இருந்தால் சீசன் முடிந்ததும் தொடங்குங்கள். சீசனில் கை வைக்காதீர்கள்.

பேரேடு:

22 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன், இப்போது கரூரில். எந்த மென்பொருள் என்ற கேள்வியை ஒரு வாரம் தள்ளி வையுங்கள். ஒரு தாளை எடுத்து, எந்த விவரத்துக்கு எது சொந்தக்காரர் என்று எழுதுங்கள். டீலரின் பெயர், ஜி.எஸ்.டி. எண், பாக்கி, கடன் வரம்பு, ஸ்டாக், விலைப்பட்டியல் எல்லாம் டேலிக்குச் சொந்தம். போய்ப் பார்த்த தேதி, பேச்சு, கொட்டேஷன், புதிதாக வரப்போகும் டீலர் ஆகியவை சி.ஆர்.எம்.-க்குச் சொந்தம். சொந்தக்காரர்தான் திருத்தலாம், மற்றது பார்க்க மட்டும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், முன்பு நான் இருந்த உதிரிபாக நிறுவனத்தில் இரண்டு பக்கமும் எழுதும்படி இணைத்தோம். ஒரு விற்பனையாளர் நல்லெண்ணத்தில் ஒரு டீலரின் பெயரில் 'அன் கோ' என்பதை 'கம்பெனி' என்று போனில் திருத்தினார். கணக்கில் புது லெட்ஜர், அதாவது அந்தப் பெயரில் இன்னொரு தனிக் கணக்கு, பிறந்துவிட்டது. பில்கள் புதியதில் ஏற, அவர் கட்டிய பணம் பழையதில் ஏறிக்கொண்டே இருந்தது. மூன்று மாதம் யாரும் கவனிக்கவில்லை. ஒழுங்காகப் பணம் கட்டிய மனிதருக்குப் பாக்கி நோட்டீஸ் போய்விட்டது. நானும் முதலாளியும் நேரில் போய் மன்னிப்புக் கேட்டோம். அவர் பெருந்தன்மையானவர், இன்னும் சரக்கு எடுக்கிறார். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது இருந்த கூச்சம் எனக்கு இன்றும் போகவில்லை.

அதனால் பெயரை வைத்து இணைக்காதீர்கள். டேலிக்கு லெட்ஜர் பெயர்தான் அடையாளம், ஓர் எழுத்து மாறினாலும் அது வேறு ஆள். ஜி.எஸ்.டி. எண்ணை வைக்கலாம் என்று தோன்றும். 15 இலக்கம், நம் மாநிலத்துக்கு 33-இல் தொடங்கும், அடுத்த பத்து பான் எண். ஆனால் ஒரே எண்ணில் இரண்டு ஊரில் கடை வைத்திருக்கும் டீலர் இருப்பார், விவசாயிக்கு எண்ணே இருக்காது. ஆகவே நீங்களே ஒரு குறியீடு கொடுங்கள். டேலியில் லெட்ஜர் பெயருக்குக் கீழே ஏலியாஸ் என்று மாற்றுப் பெயருக்கான ஓர் இடம் இருக்கிறதே, அங்கே அதைப் போடுங்கள். சி.ஆர்.எம்.-இல் ஒரு புதுக் கட்டம் உண்டாக்கி, ஒரே மதிப்பு இரண்டு முறை வரக்கூடாது என்று குறித்துவிடுங்கள்.

அப்புறம் ஆர்டர். சி.ஆர்.எம்.-இலிருந்து டேலிக்கு சேல்ஸ் ஆர்டராக மட்டும் வரட்டும். பில்லாக வர விடாதீர்கள். 2023 ஆகஸ்ட் 1 முதல் ஐந்து கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு இ-இன்வாய்ஸ் (பில்லை அரசுத் தளத்தில் பதிவது) கட்டாயம். தப்பாகப் போட்டால் 24 மணி நேரத்துக்குள்தான் ரத்து செய்யலாம், பிறகு அந்தத் தொகையைக் கழித்துத் தரும் கிரெடிட் நோட்தான். தானாகப் பில் போடும் இணைப்பு ஒரே இரவில் பத்து தப்புப் பில்லைப் பதிந்துவிட்டால் அதை அவிழ்ப்பது யார்? நடுவில் ஒரு மனிதர் பார்த்துத்தான் பில் போட வேண்டும். அந்த மனிதர் நீங்கள்தான்.

ராமநாதபுரம்_கோடர்:

பேரேடு அண்ணா சொன்னதோடு நுட்பப் பக்கத்தில் கொஞ்சம் சேர்க்கிறேன். இந்த இணைப்பு வேலைதான் என் பிழைப்பு.

டேலி உங்கள் அலுவலகக் கணினியில் ஓடுவது. வெளியிலிருந்து பேச வேண்டுமென்றால் அது சர்வர் மாதிரி காது கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும், வழக்கமாக 9000 என்ற போர்ட்டில் (கணினியின் இணைப்பு வாசல்), எக்ஸ்.எம்.எல். என்ற தரவு வடிவத்தில். டேலி திறந்திருக்க வேண்டும், கம்பெனியும் உள்ளே ஏற்றப்பட்டிருக்க வேண்டும். சாயங்காலம் ஒருவர் கணினியை அணைத்துவிட்டால் எல்லாம் நின்றுவிடும். அதற்கென்று ஒரு கணினி, யு.பி.எஸ். வையுங்கள். அந்த 9000 போர்ட்டை இணையத்துக்கு நேரடியாகத் திறந்துவிடச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கனெக்டர்காரரிடம் கட்டாயம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. ஓர் ஆர்டரை அனுப்பும்போது பாதியில் நெட் போய்விட்டால் என்ன ஆகும்? மறுபடி அனுப்பும்போது இரண்டாவது ஆர்டராக ஏறக்கூடாது. சி.ஆர்.எம். ஆர்டர் எண்ணை டேலி வவுச்சரில், அதாவது அங்கே ஏறும் பதிவில், எழுதி, அது ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஏற்ற வேண்டும். உங்கள் முன்னாலேயே ஒயரைப் பிடுங்கிக் காட்டச் சொல்லுங்கள். ஏறாமல் போனவற்றின் பட்டியல் உங்களுக்குத் தினமும் வருமா என்றும் கேளுங்கள்.

இன்னொன்று, உங்கள் அரூர் கதைக்கு ஸ்டாக்கை மட்டும் காட்டினால் போதாது. குடோனில் மூன்று இருக்கிறது என்று நான்கு பேர் போனிலும் தெரிந்தால், நான்கு பேரும் அதே மூன்றைச் சொல்லி விற்பார்கள். கையிருப்பில் நிலுவை ஆர்டரைக் கழித்த எண்தான் போக வேண்டும். அதற்கு எல்லா ஆர்டரும் டேலியில் ஏறியிருக்க வேண்டும், போனில் வாய்வார்த்தையாக வருவதும் சேர்த்து.

கிணத்துமோட்டார்:

எல்லோருக்கும் நன்றி. ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன், அந்தத் தாள் வேலை அவ்வளவு நாள் எடுத்தது.

டேலியில் டீலர் லெட்ஜர் 211 இருந்தது. 160 டீலருக்கு 211! மூடிய கடைகள் 28. மற்ற 23-ம் ஒரே ஆள் இரண்டு பெயரில். அரூர் டீலரும் அதில் ஒருவர். அவர் கட்டிய 60,000 ரூபாய் இன்னொரு பெயரில் கிடந்தது. அவருடைய பாக்கி உண்மையில் 3,20,000-தான். நேற்றே கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன்.

கனெக்டரை இப்போதைக்கு வாங்கவில்லை. ஒரு மாதம் கையால் செய்து பார்க்கப் போகிறோம். காலை 8 மணிக்கும் மதியம் 2 மணிக்கும் பாக்கியையும், ஆர்டர் கழித்த ஸ்டாக்கையும் டேலியிலிருந்து எடுத்து, குறியீட்டை வைத்து சி.ஆர்.எம்.-இல் ஏற்றுவேன். ரிப்போர்ட்டில் எஃப்12 விசையை அழுத்தி அமைத்தால் பெயரோடு ஏலியாஸும் வருகிறது. ஒரு தடவைக்கு 20 நிமிடம் ஆகிறது. எந்த விவரத்தைப் பையன்கள் உண்மையில் பார்க்கிறார்கள் என்று தெரிந்த பிறகு, அதை மட்டும் தானாக வரவைக்கக் காசு கொடுக்கலாம் என்று தம்பியும் சொல்கிறான். ஆர்டரை இன்னும் நான்தான் அடிக்கிறேன், அது அடுத்தது.

பேரேடு அண்ணா, ஒரு சந்தேகம். நேரில் வாங்கும் விவசாயிகளுக்குச் செல்போன் எண்ணையே குறியீடாக வைத்துவிடலாமா?

பேரேடு:

வேண்டாம் அம்மா. எண் மாறும். அப்பாவும் மகனும் ஒரே எண்ணைக் கொடுப்பார்கள், மோட்டார் இரண்டு தோட்டத்தில் இருக்கும். வரிசை எண் கொடுங்கள், போன் எண்ணைத் தேடுவதற்குத் தனிக் கட்டத்தில் வையுங்கள். வாரண்டிக்கு வரும்போது மோட்டாரின் சீரியல் எண்தான் உங்களுக்கு முக்கியம், அதையும் பில்லில் எழுதத் தொடங்குங்கள்.