போனில் பி.எஸ்.5: கன்ட்ரோலர் இணைத்ததும் படம் உடைகிறது, பட்டனும் தாமதம். உதவி தேவை

முதுநகர் பையன்:

எல்லோருக்கும் வணக்கம். வீடு கடலூர் ஓ.டி.யில் (ஓல்ட் டவுன், அதாவது முதுநகர்). பி.எஸ்.5 (பிளேஸ்டேஷன் 5 கேம் கன்சோல்) கூடத்து டிவியோடு இருக்கிறது. சாயங்காலம் ஆறரைக்கு மேல் டிவி அப்பாயிக்கு, சீரியல் முடியப் பத்து மணி ஆகிவிடும். பகல் முழுக்கத் தனியாக இருக்கிறவர், அவரிடம் ரிமோட்டைக் கேட்க எனக்கு மனசு வரவில்லை. பின்கட்டு அறையில் உட்கார்ந்து கன்சோலில் ஓடும் கேமை வைஃபை வழியாகப் போனில் காட்டுகிற ரிமோட் ப்ளே ஆப்பில் ஆடலாம் என்று, பி.எஸ்.5-இன் கன்ட்ரோலரான டூயல்சென்ஸ் மேல் போனை மாட்டுகிற கிளிப் ஒன்று வாங்கினேன்.

இணைவதில் சிக்கல் இல்லை. கிரியேட் பட்டனையும் பி.எஸ். பட்டனையும் சேர்த்துப் பிடித்தால் லைட் வேகமாகச் சிமிட்டுகிறது, போனின் ப்ளூடூத் பட்டியலில் வந்துவிடுகிறது. போன் ஆண்ட்ராய்டு 13. மேட்ச் ஆரம்பித்த பிறகுதான் தொந்தரவு. படம் கட்டம் கட்டமாக உடைகிறது, சத்தம் விட்டுவிட்டு வருகிறது. ஷூட் அழுத்தினால் கொஞ்சம் கழித்துத்தான் கால் வீசுகிறது, அதற்குள் எதிராளி பந்தை எடுத்துக்கொண்டு போய்விடுகிறான்.

ஒன்றைக் கவனித்தேன். கன்ட்ரோலரைத் துண்டித்துவிட்டு ஸ்க்ரீனில் இருக்கும் பட்டன்களைத் தொட்டு ஆடினால் படம் ஓரளவு ஒழுங்காக வருகிறது. அப்படியென்றால் கன்ட்ரோலர்தான் கெட்டுவிட்டதா? நெட் ஃபைபர், 50 எம்பிபிஎஸ். லைன் பார்க்கிறவர் 100 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறச் சொல்கிறார். மாறட்டுமா?

நெய்வேலி ஆட்டக்காரன்:

ப்ளூடூத் என்றாலே தாமதம்தான் ப்ரோ. போனை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் இழுத்து மாட்டுகிற டைப்-சி கன்ட்ரோலர் ஒன்று வாங்கிவிடுங்கள். பேக்போன், ரேசர் கிஷி, கேம்சர் எல்லாம் அந்த வகையில் இருக்கின்றன. பேக்போனில் பிளேஸ்டேஷன் பட்டன் அடையாளங்களோடே ஒரு பதிப்பு உண்டு. நேராக போர்ட்டில் சொருகுவதால் கன்ட்ரோலர் பக்கத் தாமதம் குறையும்.

லாஸ்பேட்டை வயர்:

தம்பி, இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம், பிளானையும் மாற்ற வேண்டாம். நான் பாண்டியில் ஆபீஸ்களுக்கு நெட்வொர்க் போடுகிற வேலையில் இருக்கிறேன். நீங்கள் கவனித்துச் சொன்ன கடைசி விஷயத்திலேயே பாதி விடை இருக்கிறது.

கன்ட்ரோலர் கெட்டிருந்தால் பட்டன் வேலை செய்யாது, அவ்வளவுதான். படம் ஏன் உடைய வேண்டும்? ப்ளூடூத் ஓடுவது 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். உங்கள் போன் வைஃபையும் அதே 2.4-இல் இருக்கும் என்று நினைக்கிறேன். பெரும்பாலான போன்களில் இரண்டையும் ஒரே சிப் பார்த்துக்கொள்கிறது, 2.4-இல் ஆன்டெனாவும் பல நேரம் பொதுவானது. ப்ளூடூத் பேசும்போது வைஃபை காத்திருக்கும், வைஃபை பேசும்போது ப்ளூடூத் காத்திருக்கும். யூடியூப் பார்த்தால் இது தெரியாது, ஏனென்றால் யூடியூப் முன்கூட்டியே கொஞ்சம் இறக்கி வைத்துக்கொள்கிறது. கேமில் அப்படிச் சேர்த்து வைக்க முடியாது. நொடிக்கு 60 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேமுக்கு 17 மில்லிசெகண்டுகூடக் கிடையாது. பட்டன் அழுத்தம் போனுக்குப் போய், ரூட்டருக்குப் போய், பி.எஸ்.5-க்குப் போய், அங்கே படம் உருவாகிச் சுருக்கப்பட்டு, அதே வழியில் திரும்பி வர வேண்டும். நடுவில் எங்கே காத்திருந்தாலும் உங்கள் ஷூட் பிந்திவிடும்.

பிளான் விஷயம்: ஒரே வீட்டுக்குள் ஆடும்போது கேம் படம் ரூட்டரோடு திரும்பிவிடுகிறது, வெளியே போவதில்லை. ஆப்பில் லாகின் செய்ய நெட் இருந்தால் போதும். சோனி சொல்வதே குறைந்தது 5 எம்பிபிஎஸ், நன்றாக ஆட 15. உங்கள் 50 தாராளம். அந்தப் பணத்தை வீணாக்காதீர்கள்.

மூன்று விஷயம் சொல்லுங்கள். பி.எஸ்.5 ரூட்டரோடு கேபிளில் இருக்கிறதா, வைஃபையிலா? ரூட்டரில் 5 ஜிகாஹெர்ட்ஸ் உண்டா? ரூட்டர் எங்கே, நீங்கள் உட்காரும் இடம் எங்கே?

முதுநகர் பையன்:

ரொம்ப நன்றி அக்கா. பி.எஸ்.5 வைஃபையில்தான். ரூட்டர் இரண்டு பேண்டும் உள்ளது, திண்ணையை ஒட்டிய முன் அறையில் இருக்கிறது. பி.எஸ்.5 கூடத்தில். நான் அதற்கும் பின்னால், நடுவில் முற்றம். தாத்தா காலத்து மெட்ராஸ் டெரஸ் வீடு, சுவர் ஒவ்வொன்றும் முக்கால் முழம் இருக்கும். போனில் 5 ஜிகாஹெர்ட்ஸ் பெயர் சில நேரம் தெரியும், தொட்டால் சேராது, இல்லையென்றால் சேர்ந்து உடனே அறுந்துவிடும். அதனால் 2.4-லேயே விட்டுவிட்டேன்.

லாஸ்பேட்டை வயர்:

நினைத்ததுதான். அந்தச் சுவரை 5 ஜிகாஹெர்ட்ஸ் தாண்டாது. இங்கே பழைய தமிழர் தெரு வீடுகளுக்கும் இதே கதை. சுண்ணாம்பும் செங்கலும் வெயிலுக்குச் சுகம், வைஃபைக்கு எதிரி.

இதில் இன்னொரு சுமையும் இருக்கிறது. பி.எஸ்.5-உம் வைஃபையில், போனும் வைஃபையில். ஒரே படம் கன்சோலில் இருந்து ரூட்டருக்கு ஒரு தடவை, ரூட்டரில் இருந்து போனுக்கு ஒரு தடவை என்று காற்றில் இரண்டு முறை போகிறது. முதல் பாதியைக் கேபிளுக்கு மாற்றினாலே பெரிய வித்தியாசம் தெரியும். இன்றைக்கே சோதிக்க ஒரு வழி: ஏதாவது ஒரு லேன் கேபிளைத் தரையில் போட்டு ரூட்டரையும் பி.எஸ்.5-ஐயும் இணையுங்கள். போனோடு ரூட்டர் இருக்கும் அறைக்கே போய் 5 ஜிகாஹெர்ட்ஸில் சேருங்கள், கன்ட்ரோலரையும் இணைத்து ஆடிப் பாருங்கள். அங்கே சுத்தமாக ஓடினால் கன்ட்ரோலர், போன், கன்சோல் மூன்றும் நல்லபடி இருக்கின்றன என்று அர்த்தம். அப்புறம் பின்கட்டுக்கு எப்படிக் கொண்டுபோவது என்று பார்ப்போம்.

முதுநகர் பையன்:

அக்கா, அருமை! முன் அறையில் படம் உடையவே இல்லை. 1080பி-யில் வைத்து முழு மேட்ச் ஆடினேன். பாஸ், ஷூட் எல்லாம் கையோடு வருகிறது. ஆனால் முன் அறையில் அப்பா ஆட்களோடு பேசிக்கொண்டிருப்பார், அங்கே தினமும் உட்கார முடியாது. ரிப்பீட்டர் வாங்கி முற்றத்துப் பக்கம் மாட்டினால் சரியாகுமா? பழைய ரூட்டர் ஒன்றும் பரணில் கிடக்கிறது, அதிலும் இரண்டு பேண்ட் உண்டு.

லாஸ்பேட்டை வயர்:

ரிப்பீட்டர் வேண்டாம். சாதாரண ரிப்பீட்டர் தனக்கு வந்த வைஃபை சிக்னலையே திரும்பக் காற்றில் அனுப்பும், மறுபடியும் அதே இரட்டைச் சுமை. பரணில் இருக்கும் ரூட்டரை இறக்குங்கள், அதுதான் உங்களுக்குச் சரியான பொருள்.

முன் அறையில் இருந்து பின்கட்டுக்கு ஒரு கேட் 6 லேன் கேபிள் இழுங்கள். 100 மீட்டர் வரை சிக்கல் இல்லை, உங்கள் வீட்டுக்கு அதில் கால்வாசிகூட ஆகாது. கடையில் கேட்கும்போது முழுச் செம்பா என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்துக்கு மேல் செம்பு பூசியது விலை குறைவு, ஆனால் எளிதில் ஒடியும். முற்றத்தைத் தாண்டும் இடத்தில் பிவிசி பைப்புக்குள் விடுங்கள். ஓ.டி.யில் துறைமுகத்துக் காற்றுக்கு நுனியில் இருக்கும் பின்கள் சீக்கிரம் பச்சை பூத்துவிடும், ஜாயின்ட் எதுவும் வெளியில் வர வேண்டாம்.

பழைய ரூட்டரில் ஆக்சஸ் பாயின்ட் மோட் (கேபிளில் வருவதை வைஃபையாக மட்டும் கொடுக்கிற அமைப்பு) இருந்தால் அதைப் போட்டால் போதும். இல்லையென்றால் அதன் டிஹெச்சிபி-யை (சாதனங்களுக்குத் தானாக முகவரி கொடுக்கும் வசதி) அணைத்து, முகவரியை மெயின் ரூட்டரோடு மோதாதபடி மாற்றுங்கள். மெயின் 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 கொடுக்கலாம். கேபிளை வான் (WAN, நெட் உள்ளே வரும்) போர்ட்டில் சொருகாமல் லேன் போர்ட்டில் சொருக வேண்டும். பலர் சறுக்கும் இடம் இதுதான். 5 ஜிகாஹெர்ட்ஸ் சேனல் 36 முதல் 48-க்குள் வையுங்கள். பின்கட்டு வைஃபைக்குத் தனிப் பெயர் கொடுத்து, போனில் பழைய 2.4 பெயரை மறக்கச் செய்துவிடுங்கள், இல்லையென்றால் போன் தானாக அதற்குத் தாவும். பழைய ரூட்டரின் போர்ட் 100 எம்பிபிஎஸ்தான் என்றாலும் கவலையில்லை.

கூடத்துக்கும் தனியாக ஒரு கேபிள் போட்டுவிடுங்கள். பி.எஸ்.5-ஐத் திரும்ப வைஃபைக்கு மாற்றிவிட வேண்டாம்.

நெய்வேலி ஆட்டக்காரன்:

அக்கா சொன்ன விளக்கம் எனக்கும் உபயோகம். டைப்-சி கன்ட்ரோலர் பற்றி ஒரு விஷயம் மட்டும் சேர்க்கிறேன், பின்னால் வாங்குகிறவர்களுக்கு ஆகும். சில போன்களில் செட்டிங்ஸில் ஓடிஜி (போனில் வெளிச் சாதனங்களைச் சொருகிப் பயன்படுத்தும் வசதி) என்று தனியாக ஒரு சுவிட்ச் இருக்கும், அதை ஆன் செய்யாமல் சொருகினால் கன்ட்ரோலருக்குக் கரண்ட் போகாது. சும்மா விட்டால் பத்து நிமிடத்தில் அந்தச் சுவிட்ச் தானே அணையவும் செய்யும். நல்ல கன்ட்ரோலரைக் கெட்டது என்று கடைக்குத் திருப்பிக் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தடிமனான கவர் போட்டிருந்தாலும் பிளக் முழுசாக உள்ளே போகாது.

முதுநகர் பையன்:

கேபிள் இழுத்தாயிற்று. எலக்ட்ரீஷியன் அண்ணன் பைப் போட்டுக் கொடுத்தார். பழைய ரூட்டரில் ஆக்சஸ் பாயின்ட் மோட் இல்லை, டிஹெச்சிபி அணைத்து லேன் போர்ட்டில் சொருகினேன், அக்கா சொன்னபடியே. பின்கட்டில் 5 ஜிகாஹெர்ட்ஸ் முழு சிக்னல். இப்போது ப்ளூடூத்தில் டூயல்சென்ஸ் சேர்த்தாலும் படம் அசையவில்லை. நேரத்தில் தடுத்து ஆட வேண்டிய சண்டை கேம்கூட ஆட முடிகிறது. மனமார்ந்த நன்றி.

ஒரு சின்னக் கேள்வி. டிவியில் ஆடும்போது கன்ட்ரோலரை மறுபடி பி.எஸ்.5-க்குச் சேர்க்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் இப்படித்தானா?

லாஸ்பேட்டை வயர்:

சந்தோஷம் தம்பி. அதற்கும் வழி வந்துவிட்டது. 2025-இல் வந்த அப்டேட்டில் டூயல்சென்ஸ் 4 சாதனங்கள் வரை நினைவில் வைத்துக்கொள்கிறது. பி.எஸ். பட்டனோடு சதுரம், முக்கோணம் போன்ற பட்டன்களில் ஒன்றைப் பிடித்து எதற்கு எது என்று மாற்றிக்கொள்ளலாம். கன்சோலையும் கன்ட்ரோலரையும் அப்டேட் செய்து பாருங்கள்.

வில்லியனூர்:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கு வீட்டுக்குள் நன்றாக ஓடுகிறது. காலேஜில் இருந்து சேர்ந்தால் சில நாள் கன்சோலே எழுந்திருப்பதில்லை. ரெஸ்ட் மோடில் (முழுசாக அணைக்காமல் தூங்க விடுகிற நிலை) போட்டுவிட்டுத்தான் கிளம்புகிறேன்.

லாஸ்பேட்டை வயர்:

செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் சேவிங் போய், ரெஸ்ட் மோட் வசதிகளில் இன்டர்நெட்டோடு இணைந்திருப்பது, நெட்வொர்க் வழியாக ஆன் செய்வது இரண்டும் ஆனில் இருக்கிறதா பாருங்கள். அவை சரி என்றால் அன்றைக்குக் கரண்ட் போய் வந்திருக்கும். நடுவில் கரண்ட் அறுந்தால் பி.எஸ்.5 ரெஸ்ட் மோடில் இருக்காது, முழுசாக அணைந்துவிடும். அணைந்த கன்சோலை வெளியில் இருந்து எழுப்ப முடியாது. வீட்டில் யாராவது ஒரு முறை ஆன் செய்து விட வேண்டும், இல்லையென்றால் ஃபைபர் பெட்டி, ரூட்டர், கன்சோல் மூன்றையும் இன்வெர்ட்டர் லைனில் போடுங்கள். இன்வெர்ட்டர் மாறும் அந்தச் சின்ன இடைவெளியைச் சில கன்சோல் தாங்காது, இன்வெர்ட்டரை வேகமாக மாறுகிற யுபிஎஸ் மோடில் வையுங்கள்.