குதிரை மேல் மைக்கேலும் எங்கள் தோட்டத்து மதுரை வீரனும்

சிப்புட்காரன்:

நம்ம குழுவில் பாப் பாடகர் மைக்கேல் ஜாக்சன் பேச்சு வந்ததால் என் கதையையும் போட்டுவிடுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2018 ஜூலையில் மகளின் பட்டமளிப்புக்காக நானும் மனைவியும் லண்டன் போயிருந்தோம். நான் மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் கித்தா (ரப்பர்) தோட்டத்தில் பிறந்தவன், சிங்கப்பூரும் ஒருமுறை பழனியும் தவிர வேறெங்கும் போனதில்லை. மூன்றாம் நாள் மகள், "அப்பா, உங்க ஆளோட கண்காட்சி நடக்குது, வாங்க" என்று டிராஃபால்கர் சதுக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே வழக்கமான கூடங்களுக்கு நுழைவு இலவசம், இதற்கு மட்டும் டிக்கெட். மகள் கட்டிவிட்டாள், நான் விலையைக் கேட்கவில்லை. கேட்டால் அவர்கள் காசை நம்ம வெள்ளியில் (ரிங்கிட்) பெருக்கிப் பார்த்துவிட்டு வெளியிலேயே நின்றிருப்பேன்.

உள்ளே பூராவும் மைக்கேல்தான். நாற்பதுக்கு மேற்பட்ட கலைஞர்கள் ஆளுக்கொரு விதமாகச் செய்தது. பாதி எனக்குப் புரியவில்லை, சிலதில் ஆளே தெரியவில்லை. அப்படியே நடந்து வந்தவன் ஒரு படத்துக்கு முன்னால் நின்றுவிட்டேன். சுவரை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய ஓவியம். இரும்புக் கவசம் போட்டுக்கொண்டு மைக்கேல் குதிரை மேல் உட்கார்ந்திருக்கிறார், தலைக்கு மேலே சிறகு வைத்த குழந்தைகள். என் வாயில் தானாக வந்தது "மதுரை வீரா". கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. மனைவி முழங்கையால் இடித்தாள்.

மகள் விவரம் சொன்னாள். வரைந்தவர் கெஹிண்டே வைலி என்ற கறுப்பின அமெரிக்க ஓவியர். அந்த வருஷம் பிப்ரவரியில்தான் அவர் வரைந்த ஒபாமா படத்தை வாஷிங்டனில் திறந்து வைத்திருந்தார்கள். தெருவில் போகிற சாதாரண இளைஞர்களைக் கூப்பிட்டு, பழைய ஐரோப்பிய ராஜாக்கள் எப்படி நின்றார்களோ அப்படியே நிற்க வைத்து வரைவது அவர் பாணியாம். மைக்கேல் அவருடைய படத்தை புரூக்ளின் அருங்காட்சியகத்தில் பார்த்துவிட்டு ஆள் மூலம் கூப்பிட்டிருக்கிறார், வைலியோ யாரோ விளையாடுகிறார்கள் என்று முதலில் கண்டுகொள்ளவே இல்லை. (நானாக இருந்தாலும் போனை வைத்திருப்பேன்.) அப்புறம் இரண்டு பேரும் போனில் பேசி முடிவு செய்ததுதான் இந்தக் குதிரை. ஸ்பெயின் ராஜா இரண்டாம் பிலிப்பை ரூபன்ஸ் என்ற பழைய ஓவியர் வரைந்த படம் ஒன்று இருக்கிறது, அதே அமைப்பில் ராஜாவை இறக்கிவிட்டு மைக்கேலை ஏற்றியாயிற்று. ஆனால் 2009 ஜூன் 25ஆம் தேதி மைக்கேல் போய்விட்டார், படம் அதற்குப் பிறகுதான் முடிந்தது. சொல்லிச் செய்யவைத்தவர் முடிந்த படத்தைப் பார்க்கவில்லை.

சரி, மதுரை வீரன் ஏன் வந்தார்?

எங்கள் தோட்டத்துக் கோயிலில், செம்மண் ரோட்டு முனையில், சிமெண்டுக் குதிரை மேல் மதுரை வீரன் இருந்தார். வருஷா வருஷம் திருவிழாவுக்கு முன்னால் பெயிண்டர் மாமாதான் அவருக்குப் புது வர்ணம் அடிப்பார். காலையில் பால்வெட்டு, மத்தியானம் சைன்போர்டு வேலை. சிப்புட் டவுனில் முடிவெட்டும் கடைக் கண்ணாடியில் ஸ்டைல் தலைகள் எல்லாம் அவர் கைதான். 1996 அக்டோபரில் மைக்கேல் கோலாலம்பூர் வந்து ஆடிவிட்டுப் போனார் இல்லையா, அடுத்த வருஷத் திருவிழாவுக்கு மாமா வர்ணம் அடித்து முடித்து சாக்குத் துணியை எடுத்ததும் பார்த்தால், வீரன் நெற்றியில் ஒரு சுருள் முடி தொங்குகிறது. மீசை இருக்கிறது, அரிவாள் இருக்கிறது, அரிவாள் பிடித்த கை முழுக்க ரோஸ். இன்னொரு கை மட்டும் மணிக்கட்டு வரை பளீரென்று வெள்ளை.

மைக்கேல் மேடையில் போடும் அந்த ஒற்றைக் கையுறை!

கோயில் தலைவர் குதிரையைச் சுற்றி ஒரு சுற்று சுற்றிவிட்டு, "ஏம்பா இந்தக் கை வெள்ளையா கெடக்கு?" என்றார். மாமா அசரவில்லை. "பெயிண்ட் முடிஞ்சி போச்சிங்க, டவுனுக்குப் போய் வாங்கி வந்து அடிச்சிடறேன்." நாங்கள் இளவட்டங்கள் லயத்து வீடுகளுக்குப் பின்னால் ஓடிப்போய்ச் சிரித்தோம். திருவிழா மூன்று நாளும் சாமி வெள்ளைக் கையோடுதான் இருந்தார், பொங்கல் வைத்தார்கள், கிடா வெட்டினார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கூலியில் மட்டும் பிடித்துக்கொண்டார்கள் என்று கேள்வி.

லண்டனில் எனக்கு அந்தக் கைதான் நினைவுக்கு வந்தது. பன்னிரண்டு வருஷம் முந்தியே எங்கள் ஆள் அவரைக் குதிரையில் ஏற்றிவிட்டார்.

பால்வெட்டுப் பேரன்:

அண்ணே, 96ஐக் கிளப்பிவிட்டீர்கள். அக்டோபர் 27, 29 இரண்டு நாள், மெர்டேக்கா ஸ்டேடியம். நான் 27 ஞாயிற்றுக்கிழமை போனேன். போனேன் என்றால், உள்ளே இல்லை. தீபாவளிக்கு இரண்டே வாரம், அப்பா புதுச் சட்டைக்குக் கொடுத்த காசில் ஈப்போவில் பஸ் ஏறி கோலாலம்பூர் புடுராயா பஸ் நிலையத்தில் இறங்கினோம், நாலு பேர். டிக்கெட்டுக்கு வழியில்லை. ஸ்டேடியத்துக்கு வெளியே மேட்டில் நின்றுகொண்டோம், எங்களைப் போலவே அங்கே ஒரு கூட்டம், மலாய்க்காரப் பையன்கள், சீனப் பையன்கள், எல்லாரும். வெளிச்சம் மட்டும் மேலே அடிக்கும், பாஸ் சத்தம் நெஞ்சில் இடிக்கும், ஆள் தெரியாது. ஒரு சீனப் பையன் தொலைநோக்கி வைத்திருந்தான், ஆளுக்கு ஒரு நிமிஷம் கொடுத்தான், எனக்குத் தெரிந்தது ஒரு லவுட்ஸ்பீக்கரின் முதுகு. அதைத்தான் இருபது வருஷமாக "மைக்கேலைப் பார்த்தேன்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறேன், இங்கேதான் முதல்முறை உண்மையைச் சொல்கிறேன்.

அந்தத் தீபாவளிக்குப் பழைய சட்டைதான்.

லாபிஸ் அக்கா:

நானும் அதே கண்காட்சிக்குப் போனேன், செப்டம்பரில். அங்கே நர்ஸ் வேலை எனக்கு. தம்பி சொன்ன குதிரைப் படம் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை, உண்மையைச் சொன்னால் என்ன? கல்யாண மண்டபத்து வாசலில் வைக்கிற கட்அவுட் மாதிரி இருந்தது. பகட்டு அதிகம். மனுஷன் பாவம், இவ்வளவு கவசம் போட்டும் பத்திரிகைக்காரர்கள் விடவில்லையே என்றுதான் தோன்றியது.

எனக்குப் பிடித்தது இரண்டு. ஒன்று ஒரு கறுப்புக் கோட்டு. கிட்டே போய்ப் பார்த்தால் அதில் பொத்தான், ஜரிகை எதுவும் இல்லை, எல்லாம் ஸ்பூனும் முள்கரண்டியும் கத்தியும். விருந்துக்குப் போடுகிற கோட்டை அங்கே 'டின்னர் ஜாக்கெட்' என்பார்கள், அதை வைத்து மைக்கேலின் தையல்காரர் செய்த குறும்பு. போட்டுக்கொண்டு நடந்தால் எங்கள் பாட்டி பாத்திரம் கழுவுகிற சத்தம் வரும். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரக் கிழவியிடம் சொன்னேன், அவரும் சிரித்தார்.

இரண்டாவது ஆண்டி வார்ஹோல் என்ற அமெரிக்க ஓவியர் செய்த மைக்கேல். அவர் 1984இல் டைம் பத்திரிகை அட்டைக்கு மைக்கேலைச் செய்துகொடுத்தவர், கவசம் கிவசம் இல்லாமல் சிரிக்கிற பையன். அது தூரிகையில் மட்டும் வரைந்ததில்லை, போட்டோவைத் துணிச் சட்டத்தில் ஏற்றி, மேலே மை ஊற்றி, கட்டையால் இழுத்து அச்சடிப்பது. நம்ம ஊரில் திருவிழாவுக்கு டி-சர்ட் அடிக்கிறார்களே, அதே சில்க் ஸ்கிரீன். என் அண்ணன் லாபிஸில் அந்த வேலைதான் பார்த்தான், சனிக்கிழமை ராத்திரி ஆனால் வீட்டுக் கொடியில் ஐம்பது முருகன் காயும். அதனால் கூட பிடித்திருக்கலாம்.

பெயர் வேண்டாம்:

எல்லாம் சரி, ஆனால் சாமி சிலையில் போய் இப்படிச் செய்தது தப்பு. எங்கள் தோட்டத்தில் செய்திருந்தால் கையை முறித்திருப்பார்கள். கூத்தாடி வேறு, காவல் தெய்வம் வேறு.

பால்வெட்டுப் பேரன்:

அண்ணே, மதுரை வீரனும் மனுஷனாக இருந்து, மாறுகால் மாறுகை வாங்கப்பட்டு, பிறகு சாமியானவர்தானே. அதோடு நம்ம தோட்டங்களில் வீரன் முகம் எத்தனை கோயிலில் எம்ஜிஆர் ஜாடையில் இருக்கிறது, போய்ப் பாருங்கள். அதற்கு யாரும் கையை முறிக்கவில்லை. சண்டைக்குச் சொல்லவில்லை லா.

சிப்புட்காரன்:

பெயர் வேண்டாம் அண்ணனுக்குக் கோபம் வருவது நியாயம்தான், எங்கள் அம்மாவும் அன்றைக்கு அதையே சொல்லித் திட்டினார். இப்போது அந்தச் சிலை இல்லை. தோட்டம் செம்பனைக்கு (பாமாயில் மரம்) மாறி, ஆட்கள் வெளியேறி, கோயிலை டவுன் பக்கம் மாற்றியபோது தமிழ்நாட்டிலிருந்து சிற்பிகளை வரவழைத்துப் புதிதாகச் செய்தார்கள். வேலை சுத்தம், குறை சொல்ல முடியாது. இரண்டு கையும் ஒரே நிறம்.

பாக்கிக் கதையையும் சொல்லி முடிக்கிறேன். லண்டனிலிருந்து வந்த வாரமே பெயிண்டர் மாமாவைப் பார்க்கப் போனேன். சிப்புட்டில் மலிவு வீட்டில் மகனோடு இருக்கிறார், எழுபதைத் தாண்டிவிட்டார், கை நடுங்குகிறது, தே தாரே டீயை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிக்கிறார். போனில் அந்தப் படத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, இரண்டு விரலால் பெரிதாக்கி, மைக்கேல் முகத்தை விட்டுவிட்டுக் குதிரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மூக்கு, காது, பிடரி, ஒவ்வொன்றாக நகர்த்தி நகர்த்தி. ஒரு ஐந்து நிமிஷம் பேச்சே இல்லை.

"குதிரை தெரிஞ்சவன்" என்றார் கடைசியில். "நான் குதிரையையே பார்த்ததில்ல தம்பி. காலண்டர் பார்த்து அடிச்சது. அதான் நம்ம வீரன் குதிரை கழுதை மாதிரி நிக்கும்."

வைலி கதையைச் சொன்னேன், போனில் கூப்பிட்டது, சேர்ந்து முடிவு செய்தது, படம் முடியுமுன் மைக்கேல் இறந்தது எல்லாம். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டே வந்தவர் அந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப கூலி யாரு குடுத்தா?"

எனக்குத் தெரியவில்லை மாமா என்றேன்.

"விசாரி. எனக்கே அந்தக் கைக்கு இன்னும் நாப்பது வெள்ளி பாக்கி."