ரெக்கார்டிங் பாதியில் அறுந்த வீடியோ: மீட்ட அனுபவங்களைப் பகிருங்கள்

பதிவு 1

பேட்டரி தீர்ந்து நின்ற 23 ஜிபி எம்பி4 வீடியோக் கோப்பு. விஎல்சி பிளேயர் திறக்கவே இல்லை. எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் நிரல் 'மூவ் ஆட்டம் (moov atom) காணோம்' என்று ஒரே வரியில் கைவிரித்தது. கோப்பின் பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் பார்த்தால் தலையில் கோப்பு வகையைச் சொல்லும் 'எஃப்டைப்', அடுத்து படமும் ஒலியும் அடங்கிய 'எம்டாட்' பகுதி. அதன் நீளம் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் சுழியங்கள். அதற்குக் கீழே கடைசி வரை படமும் ஒலியும் அப்படியே கிடக்கின்றன. எந்த பிரேம் எங்கே தொடங்குகிறது என்ற அட்டவணை மட்டும் இல்லை; அதுதான் அந்த 'மூவ்'. ஸ்டாப் அழுத்திய பிறகுதான் கேமரா அதை எழுதும்.

இப்படி அறுந்த கோப்பை மீட்கும் அன்ட்ரங்க் என்ற நிரலுக்கு அதே கேமராவில் எடுத்த நல்ல கோப்பு ஒன்று மாதிரியாக வேண்டும். முதலில் கொடுத்தது நொடிக்கு 25 பிரேமில் எடுத்தது. வீடியோ ஓடியது, ஆனால் எல்லாரும் தண்ணீருக்குள் நடப்பதுபோல் பாதி வேகத்தில் நடந்தார்கள். ஒலி மட்டும் சரியான வேகத்தில் ஓடிப் பாதியிலேயே முடிந்துவிட்டது. அறுந்த கோப்பு 50 பிரேம். அதே 50, அதே ரெசல்யூஷன், அதே கோடெக் (படத்தைச் சுருக்கும் முறை) வைத்து, வேறு கார்டில் ஒரு நிமிடம் எடுத்துக் கொடுத்ததும் சரியாயிற்று.

பதிவு 2

மென்பொருளுக்கு ஏங்க ஓடணும்? கார்டை எடுத்த கேமராவிலேயே திரும்பப் போட்டு ஆன் பண்ணுங்க. கோப்ரோ கேமரா தானே ரிப்பேர் அடையாளம் காட்டி முடிச்சுக் கொடுக்கும். ட்ரோன்கள் சிலதும் அப்படித்தான். மாதிரிக் கோப்பே தேவையில்லை.

பதிவு 3

மேலே சொன்னதைத் தயவுசெய்து முதல் வேலையாகச் செய்யாதீர்கள். கேமரா அந்தக் கார்டிலேயே எழுதும். ரிப்பேர் பாதியில் நின்றால் திரும்ப வழியில்லை. முதலில் கார்டில் எழுதவிடாத பூட்டைத் தள்ளிவிட்டு, டிடிரெஸ்க்யூ என்ற நகலெடுக்கும் நிரலால் கார்டு முழுவதையும் ஒரு இமேஜாக, அதாவது அச்சுநகலாக ஒரே கோப்பில் எடுங்கள். 64 ஜிபி கார்டுக்கு 64 ஜிபி இடம் வேண்டும், பாதி காலியாக இருந்தாலும். பிறகு கேமராவில் போடுங்கள், ஆட்சேபம் இல்லை.

விண்டோஸ் 'ஸ்கேன் செய்து சரிசெய்யவா' என்று கேட்கும். அங்கே கை வைத்த ஒரு கார்டு வந்தது. வீடியோ 0 பைட் என்று இருந்தது. அதன் துண்டுகள் 'ஃபவுண்ட்' என்ற ஃபோல்டருக்குள் '.சிஎச்கே' கோப்புகளாகக் கிடந்தன. எது முந்தியது, எது பிந்தியது என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக் கோக்க வேண்டியதாயிற்று.

பதிவு 4

நான் சொல்லவருவது கணினித் திரையைப் பதிய ஓபிஎஸ் மென்பொருள் பயன்படுத்துகிறவர்களுக்கு. எம்பி4-இல் நேரடியாகப் பதியாதீர்கள். எம்கேவி கோப்பு வகையை வையுங்கள். அதில் கிளஸ்டர் எனும் ஒவ்வொரு துண்டும் தன் நேரத்தைத் தானே சுமக்கிறது. கரண்ட் போனாலும் கடைசிச் சில நொடிகள்தான் போகும். முன்னே பின்னே தள்ளிப் பார்க்க முடியவில்லை என்றால் பயப்படவேண்டாம், கடைசியில் எழுதவேண்டிய தேடல் அட்டவணை இல்லை, அவ்வளவுதான். ஃபைல் மெனுவில் ரீமக்ஸ் கொடுத்தால் மறுபடி என்கோட் ஆகாமல் (படத்தைப் புதிதாகச் சுருக்காமல்) எம்பி4 ஆகிவிடும், தரம் குறையாது. எம்பி4-தான் வேண்டும் என்றால் 30.2 பதிப்பிலிருந்து ஹைப்ரிட் எம்பி4 இருக்கிறது. பதியும்போது துண்டு துண்டாக எழுதி, முடிக்கும்போது வழக்கமான அட்டவணையையும் சேர்க்கும். டிஸ்க் நிரம்பி நின்றிருந்தால் முதலில் இடத்தைக் காலி செய்துவிட்டு ரீமக்ஸ் செய்யுங்கள். புதுக் கோப்புக்கும் அதே அளவு இடம் வேண்டும்.

பதிவு 5

கேமரா கோப்புக்கு ஓபிஎஸ் யோசனை எதற்கு? முதல் பதிவுக்கு வருகிறேன். ஒலி ஏஏசி என்ற சுருக்கிய வகையாக இருந்திருக்கும், அதனால்தான் அவ்வளவு சுலபமாக வந்தது. சுருக்காத பிசிஎம் ஒலி என்றால் கதை வேறு. எச்.264 கோடெக்கில் சுருக்கிய படத்தில் ஒவ்வொரு துண்டின் முன்னும் 4 பைட்டில் அதன் நீளம் இருக்கிறது. அதைப் பிடித்துத்தான் அன்ட்ரங்க் தாவிப் போகிறது. பிசிஎம்மில் அப்படி எந்த அடையாளமும் கிடையாது, வெறும் எண்கள். சென்ற வாரக் கோப்பு ஒன்றில் 40-ஆவது நொடியில் படம் உறைந்து, ஒலி கரகரவென்று இரைந்தது. அன்ட்ரங்க் கட்டளையில் 'மைனஸ் எஸ்' (-s) கொடுத்து, புரியாத பகுதிகளைத் தாண்டச் சொன்னதும் படம் முழுசாக வந்தது. ஒலியைத் தனி ரெக்கார்டரில் பதிந்ததிலிருந்து எடுத்து ஒட்டினோம்.