அஞ்சியோகிராமுக்கு முன் அம்மா கேட்ட கேள்வி

ஹட்டனிலிருந்து ஒரு மகள்:

இதய இரத்தக்குழாய்களில் அடைப்பு உள்ளதா என்று சாயம் ஏற்றிப் படம் பிடித்துப் பார்ப்பதுதான் அஞ்சியோகிராம். அதற்கு நாள் குறித்துக் கொடுத்த அன்று பஸ்ஸில் அம்மா கேட்டது ஒன்றுதான்: "நெஞ்சை அறுப்பார்களா பிள்ளை?" எனக்கும் பதில் தெரியவில்லை. கையெழுத்து வைத்த படிவம் சிங்களத்தில் இருந்தது. யாரும் வாசித்துக் காட்டவில்லை. அதன் பிறகு இரண்டு வாரம் அம்மா தேயிலைக் கொழுந்து பறிக்க மலைக்குப் போனார், வந்தார், சோற்றை அளைந்துவிட்டு எழுந்தார்.

வார்டில் சேர்ந்த மாலையில்தான் தமிழ் பேசும் தாதி ஒருவர் கட்டிலருகே வந்து உட்கார்ந்தார். "நெஞ்சில் கத்தியே படாது அம்மா. இரண்டு மில்லிமீற்றர் பருமனுள்ள குழாய், மணிக்கட்டு இரத்தக்குழாய் வழியாக இதயம் வரை போகும். அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்வோம். நீங்கள் விழித்துத்தான் இருப்பீர்கள்" என்றார். அடுத்து அவர் சொன்னதற்கு நான் என்றும் கடமைப்பட்டவள்: "சாயம் ஏற்றும்போது உடம்பெல்லாம் குப்பென்று சூடேறலாம். சிறுநீர் போய்விட்டது போலிருக்கும். போயிருக்காது."

மறுநாள் அந்தச் சூடு வந்தது. 'மிஸ்ஸி சொன்னது இதுதான்' என்று அம்மா அசையாமல் கிடந்தாராம். முன்பே சொல்லியிராவிட்டால், உயிர் போகிறது என்றே நினைத்திருப்பார்.

முடிந்ததும் வைத்தியரிடம் அம்மா கேட்டது, "எப்போது கொழுந்து எடுக்கலாம்?" பறிக்கிறவளுக்கு மணிக்கட்டுதானே சோறு. ஒரு வாரம் பாரம் தூக்கக்கூடாது என்றார். ஈரக் கொழுந்து என்ன பாரம் என்று அவருக்கு நான்தான் விளக்கினேன். என்ன வேலை செய்கிறீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பண்டாரவளையிலிருந்து ஓர் அண்ணன்:

தங்கச்சி, எனக்குத் தொடை வழியாகச் செய்தார்கள். பிறகு காலை மடக்காமல் ஆறு மணித்தியாலம் மல்லாந்து கிடக்க வேண்டியிருந்தது. இதை முன்பே சொல்லியிருந்தால் மனதைத் தயார்படுத்தியிருப்பேன். முதுகுவலியைவிட, கால் போய்விட்டதோ என்ற பயம்தான் வாட்டியது.

நீரிழிவுக்கு மெட்போமின் மாத்திரை போடுகிறவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், முன்பு சாயம் ஒத்துக்கொள்ளாதவர்கள் கிளினிக் கொப்பியைக் காட்டி அதைச் சொல்லியே ஆகவேண்டும். கேட்பார்கள் என்று காத்திருக்காதீர்கள்.

வீட்டுக்கு வந்தபின் குழாய் விட்ட இடத்தில் இரத்தம் கசிந்தால் உடனே படுத்து, அந்த இடத்தை அழுத்திப் பிடித்தபடி, அம்புலன்ஸுக்கு 1990 என்ற இலக்கத்தை அழைக்கச் சொல்லுங்கள். எங்கள் லயத்தில் சிக்னல் இல்லை, கோயில் மேட்டில்தான் கிடைக்கும். அதனால் முதல் இரண்டு இரவும் மூத்தவனை வேலைக்கு அனுப்பாமல் பக்கத்திலேயே படுக்க வைத்தேன்.